ராம் எயார் இன்டேக் தெரிவு செய்தல்: யாழ்ப்பாணத்து வீதிகளுக்கான வழிகாட்டி

மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒரு காரின் முகப்பில் வந்து மோதும் காற்று, வளிமண்டல அமுக்கத்தோடு ஒப்பிடுகையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அமுக்கத்தையே மேலதிகமாகத் தருகிறது. எதிரே வரும் காற்றை ஏந்தி எஞ்சினுக்குக் கொடுக்கும் குழாயமைப்பான ராம் எயார் இன்டேக்கை வாங்க நினைப்பவர் முதலில் மனதில் இருத்த வேண்டிய கணக்கு இதுதான். நகரப் பகுதிக்கு வெளியே, அதிவேகப் பாதைகள் தவிர, இலங்கையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமும் அதே 70 என்பதால், குடாநாட்டுக்குள் சட்டப்படி ஓட்டும் எவருக்கும் இக்கணக்கு பெரிதாக மாறப்போவதில்லை. அப்படியானால் இது வீண் செலவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் அதன் பயன் விற்பவர் காட்டும் இடத்தில் இல்லை. குளிர்ந்த காற்றைத் தடையின்றி எடுக்க முடிவதுதான் உண்மையான இலாபம். அதே குழாய் பிழையாகத் தெரிவு செய்யப்பட்டால், செம்பாட்டுப் புழுதியையும் மாரி வெள்ளத்தையும் எஞ்சினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே இவ்வழிகாட்டியில் வெப்பம், புழுதி, நீர் ஆகிய மூன்றும் முன்னே நிற்கின்றன. அமுக்கம் கடைசியில்தான் வருகிறது.

பெயரும் கணக்கும்

ஓடும் வாகனத்துக்கு எதிராக வரும் காற்றை ஒரு திறந்த வாயால் ஏந்தி, அதன் வேகத்தை ஒரு பெட்டிக்குள் தணித்து, அந்த வேகத்தையே அமுக்கமாக மாற்றி எஞ்சினுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ராம் எயார் என்று பெயர். அமெரிக்காவின் பொன்ரியாக் நிறுவனம் 1960களில் தன்னுடைய ஜீ.ரீ.ஓ. கார்கள் மூலம் இப்பெயரைப் பிரபலமாக்கியது. 1990இல் வந்த கவசாகி இசட்.எக்ஸ். 11 மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையிலிருந்தே இந்த ஏற்பாட்டோடு வெளிவந்தது. போர்முலா வன் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேலே தெரியும் வாயும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது அதிவேகம். காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது. அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அமுக்கம் நான்கு மடங்காகும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றுக்குக் கணக்கிட்டால், மணிக்கு 100 கிலோமீற்றரில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு ஏறத்தாழ 450 பஸ்கால், 200இல் 1,800, 300இல் 4,000. வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101,000 பஸ்கால் என்பதால், 300இல் ஓடுபவருக்கு நூற்றுக்கு நான்கு பங்கு கிடைக்கிறது. அது பந்தயத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவு. சோளகக் காற்று வீசும் காலத்தில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வல்லை வெளியைக் கடக்கும்போது, மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் நமக்கும் மணிக்கு 100 கிலோமீற்றருக்குரிய பலன் கிட்டலாம். அதுவும் நூற்றுக்கு அரைப் பங்கைத் தொடாது. வளைவுகளிலும் பில்டரிலும் தொலைவது போக மிஞ்சுவது இன்னும் குறைவு.

மறுபுறம் வெப்பத்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் வெளிக்காற்று 33 பாகை என்றும், பொனற்றுக்குக் கீழே எஞ்சினைச் சுற்றியுள்ள காற்று 60 பாகை என்றும் வைத்துக்கொண்டால், பின்னதன் அடர்த்தி முன்னதை விட நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவாக இருக்கும். அடர்த்தி குறைந்தால் அதே கனவளவில் ஒட்சிசனும் குறையும். போதாக்குறைக்கு, சூடான காற்று சிலிண்டருக்குள் தட்டல் (கலவை தானாகவே பற்றி வெடித்தல்) ஏற்படத் தூண்டும் என்பதால், எஞ்சினின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி வலுவை மேலும் குறைத்துவிடும். ஆயிரத்தில் இரண்டையும் நூற்றில் எட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசம் தெரியும். பொனற்றைத் திறந்தவுடன் பளபளக்கும் கூம்புப் பில்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மறைப்பில்லாமல் பூட்டியிருக்கும் கார்கள் பலவும், சத்தத்தைக் கூட்டி வலுவைக் குறைத்துக்கொண்ட கார்களே.

காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ பூட்டிய எஞ்சின்களில் கணக்குச் சற்று வேறு. டேர்போவுக்கு முன்னால் உள்ள தடை, அது அமுக்கும் விகிதத்தால் பெருகிப் பின்னால் தெரியும்; இரண்டு மடங்காக அமுக்கும் டேர்போவுக்கு முன்னால் 2,000 பஸ்கால் இழந்தால், பின்னால் 4,000 குறையும், அல்லது அதை ஈடுசெய்ய டேர்போ கூடுதலாக உழைக்க வேண்டிவரும். ஆகவே டேர்போ காரில் குழாயின் தடையைக் குறைப்பதற்கே மதிப்புக் கூடுதல்.

கார்பரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) உள்ள கார்களை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்டினையும் மொரிஸையும் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அந்தக் கார்களில் இன்னும் சில ஓடுகின்றன, அவற்றின் மேல் ஆசை வைப்பவர்களும் உண்டு. ஆனால் கார்பரேற்றரின் வாயில் மட்டும் காற்றமுக்கத்தைக் கூட்டி, எரிபொருள் தேங்கும் கிண்ணத்தின் காற்றுத் துளையை வெளியே விட்டால், எரிபொருள் வரத்துக் குறைந்து கலவை வறண்டுபோகும். அந்தத் துளையையும் அதே பெட்டிக்குள் கொண்டுவரும் வேலை புதியவருக்கு உரியதல்ல.

முதற்படி: இருப்பதை அளந்து பாருங்கள்

வாங்கும் முன் அளப்பவர் மிகச் சிலரே. தொழிற்சாலையில் பூட்டிய இன்டேக் மோசமானது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலான யப்பானியக் கார்கள் ரேடியேற்றருக்கு மேலிருந்தோ ஹெட்லைற்றுக்குப் பின்னாலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கின்றன. இங்கே ஓடும் செயற்றிறன் கார்களில் அநேகமானவை பாவித்த நிலையில் இறக்குமதியானவை. 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், அவை இன்னும் வயதேறி, பல கைகள் மாறியும் விட்டன. அந்தக் கை மாற்றங்களில் முதலில் காணாமற்போவது, பில்டர் பெட்டியின் வாயிலிருந்து முகப்புக்குச் செல்லும் பிளாஸ்ரிக் குழாய்தான். அது இல்லாவிட்டால் பெட்டி எஞ்சின் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். பொனற்றைத் திறந்து அந்தக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகமாக அதைத் தேடி வாங்கிப் பூட்டுவதே மிகச் சிக்கனமான ராம் எயார்.

அடுத்து வெப்பத்தை அளக்க வேண்டும். 1990களின் பிற்பகுதிக்குப் பின் வந்த கார்கள் பலவற்றில் ஓ.பி.டி. எனப்படும், காரின் கணினியைப் படிக்கும் இணைப்பு இருக்கும், கைத்தொலைபேசியோடு சேரும் சிறு கருவியைச் சொருகி, உள்ளெடுக்கும் காற்றின் வெப்பநிலையைப் படிக்கலாம். பகல் இரண்டு மணியளவில் காங்கேசன்துறை வீதியில் நெரிசலுக்குள் பத்து நிமிடமும், பிறகு திறந்த வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் பத்து நிமிடமும் ஓட்டி, இரண்டு அளவுகளையும் எழுதிவையுங்கள். திறந்த வீதியில் காட்டும் அளவு வெளிவெப்பத்தை விடப் பத்துப் பாகைக்குள் இருந்தால், உங்கள் இன்டேக் வெப்ப விடயத்தில் நன்றாகவே வேலை செய்கிறது என்று கொள்ளலாம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மனிபோல்டிலேயே சென்சர் பொருத்தப்பட்ட கார்களில், அந்த உலோகத்தின் சூடும் அளவில் கலந்துவிடும்; அவற்றில் ஓட்டத்தின்போது அளவு இறங்குகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

மூன்றாவது, தடை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தெளிவான பிளாஸ்ரிக் குழாய் இரண்டு மீற்றர் வாங்கி, ஆங்கில யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த நீரை அரைவாசிக்கு நிரப்புங்கள். ஒரு முனையை, பில்டருக்குப் பின்னும் திரொட்டிலுக்கு (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) முன்னும் உள்ள ரப்பர்க் குழாயில் பொருத்திய சிறு முனையோடு இணையுங்கள். டேர்போ காரானால், டேர்போவுக்கு முன். மறுமுனை காருக்குள் திறந்தபடி இருக்கட்டும். எஞ்சின் பக்கத்து முனைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு வெற்றுப் போத்தலை இணைக்க மறக்க வேண்டாம்; எதிர்பாராமல் நீர் உறிஞ்சப்பட்டால் அது போத்தலில் விழுமே தவிர எஞ்சினுக்குப் போகாது. திரொட்டிலுக்குப் பின்னால் ஒருபோதும் இணைக்கக் கூடாது. அங்குள்ள வெற்றிடம் நீர் முழுவதையும் இழுத்துவிடும். ஆளில்லாத நேர்வீதியில், முதல் கியரிலேயே எஞ்சினை அதன் உச்சச் சுற்று வரை கொண்டுபோங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது வேகம் மணிக்கு 50 அல்லது 60 கிலோமீற்றரையே தொடும். பக்கத்தில் இருப்பவர் இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். ஓட்டுபவர் பலகையைப் பார்க்கவே கூடாது. 100 மில்லிமீற்றர் நீர் என்பது ஏறத்தாழ 1,000 பஸ்கால், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. வித்தியாசம் 100 மில்லிமீற்றருக்குள் நின்றால், புதிய இன்டேக் உங்களுக்குச் சத்தத்தைத் தவிர வேறொன்றையும் பெரிதாகத் தராது என்பது என் கணிப்பு. 250ஐத் தாண்டினால் முதலில் புதிய பில்டர் ஒன்றைப் போட்டு மறுபடி அளந்து, அதன் பின்னும் இறங்காவிட்டால் மட்டுமே வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

ஒரு பில்டர் மாற்றத்தோடு இந்தப் பயணத்தை முடித்துக்கொண்டவர்கள் பலர். அதில் ஏமாற்றம் கொள்ள எதுவும் இல்லை.

இரண்டாம் படி: உங்கள் கார் காற்றை எப்படி எண்ணுகிறது என்று அறியுங்கள்

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்று அறிந்தால்தான் கணினி அதற்கேற்ற பெற்றோலைச் செலுத்தும். 1990களின் ஹொண்டா சிவிக் போன்ற கார்களில் மனிபோல்டின் அமுக்கத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகிறார்கள். இவ்வகையில் முன்குழாயின் விட்டம் மாறினாலும் கணக்குப் பெரிதாகக் குழம்புவதில்லை. சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்றவற்றில் குழாய்க்குள் சூடான கம்பி ஒன்று வைத்து, அதைத் தாண்டும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு எண்ணுகிறார்கள். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனின் ஒன்பதாம் தலைமுறை வரையிலான கார்களில் காற்றுச் சுழல்களை எண்ணும் சென்சர், பில்டர் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும்.

பின்னைய இரண்டு வகைகளிலும், சென்சர் இருக்கும் இடத்துக் குழாயின் உள்விட்டம் புனிதமானது. உதாரணமாக, 70 மில்லிமீற்றர் உள்விட்டத்துக்கு அளவீடு செய்யப்பட்ட சென்சரை 76 மில்லிமீற்றர் குழாயில் பொருத்தினால், குறுக்குப் பரப்பு நூற்றுக்குப் பதினெட்டு கூடிவிடும். அதே காற்று மெதுவாகக் கடக்கும். கணினி அதை நூற்றுக்குப் பதினைந்து குறைவான காற்று என்று எண்ணிப் பெற்றோலைக் குறைக்கும். வறண்ட கலவையோடு முழு விசையில் ஓடும் டேர்போ எஞ்சினில் பிஸ்டன் உருகுவது அரிதான செய்தியல்ல. ஆகவே வாங்கும் பொருள் உங்கள் காரின் மாதிரி எண்ணுக்கும் எஞ்சின் எண்ணுக்கும் என்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்ட பெட்டியை, அமுக்கத்தால் எண்ணும் கார் வைத்திருப்பவர் வேண்டுமானால் பார்க்கலாம். மற்றவர்கள் தொடாமல் விடுவதே நல்லது.

மூன்றாம் படி: வாய் எங்கே இருக்க வேண்டும்

காரின் முகத்தில் காற்று நேராக வந்து மோதும் பம்பரின் நடுப்பகுதியிலும், முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலும் அமுக்கம் உயர்ந்திருக்கும். பொனற்றின் முன்விளிம்பை ஒட்டிய மேற்பரப்பிலோ, காற்று வளைந்து வேகமெடுப்பதால், வெளியை விட அமுக்கம் தாழ்ந்துவிடும். அவ்விடத்தில் தட்டையாக ஒட்டிய ஸ்கூப் (காற்றேந்தும் வாய்) காற்றை உள்ளே தள்ளாது, சில வேளை வெளியே இழுக்கும். மேலும் பொனற்றை ஒட்டி ஊரும் சில சென்ரிமீற்றர் தடிப்பான காற்று வேகம் இழந்தது என்பதால், ஸ்கூப்பின் வாய் அதற்கு மேலே எழும்பி நின்றால்தான் பயன் உண்டு.

இம்ப்ரெசா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காரின் பொனற்றில் உள்ள புகழ்பெற்ற ஸ்கூப், எஞ்சின் சுவாசிப்பதற்கானதன்று. அதன் அடியில் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும் இன்டர்கூலரை (டேர்போ அமுக்கிச் சூடாகிய காற்றை ஆற்றும் பாகம்) குளிர்விப்பதற்கானது. அதை இன்டேக்குக்குத் திருப்பிவிட்டால் இன்டர்கூலர் வெந்துபோகும்.

வாயின் அளவு பற்றியும் வீண் மயக்கம் உண்டு. 2.0 லீற்றர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 7,000 சுற்றில், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பியபடி ஓடினால், ஒரு செக்கனில் ஏறத்தாழ 105 லீற்றர் காற்றைக் குடிக்கும். மணிக்கு 70 கிலோமீற்றரில் அவ்வளவு காற்றும் நேராக வந்து நுழைய 54 சதுர சென்ரிமீற்றர் வாய் போதும். அது 83 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டம், ஒரு சிறிய சிரட்டையின் வாயளவு. அதை விடப் பெரிய வாயால் எஞ்சினுக்கு நன்மை எதுவும் இல்லை; மழைநீருக்கும் பூச்சிகளுக்கும் மட்டுமே அது வசதி.

நீரைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக் காலத்தில் கொட்டித் தீர்க்கும். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது குடாநாட்டு வீதிகள் கிடந்த கோலம் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய புயல் வராத ஆண்டிலும் ஒழுங்கைகளில் நீர் நிற்கும். பத்துக்கு ஒன்று என்ற அமுக்க விகிதமுள்ள 2.0 லீற்றர், நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன் முழுதாக மேலே வரும்போது தலைக்கு மேல் மிஞ்சும் இடம் வெறும் 55 மில்லிலீற்றர்தான். நான்கு மேசைக்கரண்டி நீர் அந்த இடத்தை நிரப்பிவிடும். நீர் காற்றைப் போல் சுருங்காது; ஆகையால் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கொனெக்ரிங் ரொட் என்ற தண்டு வளையும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் அறிந்துகொள்ளவில்லை. குளிர்ந்த காற்று வேண்டும் என்ற ஆசையில் பில்டரைப் பம்பருக்குள் தாழ்வாக இறக்கிப் பூட்டும்படி ஒரு கராஜில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை செய்தவரும் மறுத்துச் சொல்லவில்லை. அந்தக் கார்த்திகையில், கோப்பாய்ப் பக்கத்து உள்வீதி ஒன்றில், கணுக்காலுக்குச் சற்று மேல் நின்ற நீரை மெதுவாகக் கடந்துகொண்டிருந்தபோது எதிரே வந்த வான் எழுப்பிய அலை பம்பரில் அடித்தது. எஞ்சின் ஒரு முக்கலோடு நின்றுவிட்டது. அவ்வேளை திறப்பைத் திருப்பாமல் விட்டதுதான் என்னைக் காப்பாற்றியது. ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்: நீருக்குள் நின்ற எஞ்சினை மறுபடி கிளப்பாதே, பிளக்குகளைக் கழற்று. கழற்றிவிட்டுச் சுற்றியபோது இரண்டு துளைகளிலிருந்து நீர் பீறிட்டது. பலமாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினாக இருந்திருந்தால் அந்த வாய்ப்பும் கிடைத்திராது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். வாய் ஹெட்லைற்றின் கீழ்விளிம்புக்கு மேலே இருக்கட்டும். வாய்க்கும் பில்டருக்கும் இடையில் ஒரு பெட்டி இருக்கட்டும்; அந்தப் பெட்டியின் அடியில் நீர் வடியும் துளையும், பில்டர் அந்தத் துளையை விட உயரத்திலும் இருக்கட்டும். வாயிலிருந்து பில்டருக்கு நேர்கோடு இல்லாமல் ஒரு மேல்வளைவு இருந்தால், கனமான துளிகள் வளைய முடியாமல் பெட்டிச் சுவரில் மோதி விழும். பில்டருக்கு முன் நீர் அடைத்தால் வேறு வழியாகக் காற்றெடுக்கும் வால்வுகளும் விற்கிறார்கள். டேர்போ கார்களுக்கு அவை பொருந்தா.

பொனற்றை வெட்டி ஸ்கூப் பொருத்த நினைப்பவர், வெட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்கான நடைமுறையையும், தன் காப்புறுதிக் கம்பனியின் நிலைப்பாட்டையும் விசாரித்து எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். வெட்டிய பொனற்றை ஒட்டுவது சுலபமில்லை.

நான்காம் படி: பில்டர்

உரும்பிராய், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் பக்கங்களில் தோட்டம் உழும் நாட்களில் எழும் செம்பாட்டுப் புழுதி மிக நுண்ணியது. அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் வளையங்களையும் சுவரையும் அரைக்கும். காரின் வலு ஒரு நாளில் அல்ல, இரண்டு ஆண்டுகளில் போகும், அப்போது எவரும் பில்டரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

காகிதப் பில்டர் நன்றாக வடிகட்டும், ஆனால் கழுவ முடியாது. எண்ணெய் தடவிய பருத்திப் பில்டர் காற்றை இலகுவாக விடும். கழுவிக் காயவைத்து மறுபடி எண்ணெய் தடவிப் பாவிக்கலாம். ஆனால் எண்ணெய் கூடினால் அது பறந்துபோய்ச் சூடான கம்பிச் சென்சரில் படிந்து அளவைக் குழப்பும். குறைந்தால் புழுதி ஊடுருவும். கழுவும் பழக்கம் இல்லாதவருக்கும், கம்பிச் சென்சர் உள்ள காருக்கும் எண்ணெய் வேண்டாத செயற்கை இழைப் பில்டரே என் தெரிவு. காற்று விடும் அளவை மட்டும் காட்டி விற்பவரிடம், ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி புழுதியை எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவைக் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதை வெளியிடுவார்கள். பதில் இல்லாத இடத்தில் பொருளை வைத்துவிட்டு வாருங்கள்.

போலிப் பொருள்களைக் கண்ணால் ஓரளவு பிடிக்கலாம். மடிப்புகள் சீராக இருக்கின்றனவா, ரப்பர் அடியில் இழை முழுதாகப் பதிந்திருக்கிறதா, கழுத்து உள்ளிருந்து நசுங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பில்டர் எவ்வளவு நல்லதானாலும் அதன் கழுத்து குழாயில் இறுக்கமாக உட்காராவிட்டால் பயனில்லை.

ஐந்தாம் படி: குழாயும் இணைப்புகளும்

குழாய் அலுமினியமா பிளாஸ்ரிக்கா என்ற சர்ச்சைக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. முழு விசையில் காற்று அரை மீற்றர்க் குழாயை ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கடந்துவிடும். அதற்குள் அது பெரிதாகச் சூடேறாது. வாய் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். வாயிலிருந்து பெட்டிக்கு விரியும் பகுதியின் முழுக் கோணம் 15 பாகைக்குள் இருந்தால், காற்றின் வேகம் அமுக்கமாக ஒழுங்காக மாறும். அதை மீறினால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழன்று வீணாகும்.

எஞ்சின் தன் இருக்கையில் ஆடும் பொருள் என்பதால், இறுக்கமான குழாய்க்கு இடையில் ரப்பர் அல்லது சிலிக்கோன் இணைப்பு ஒன்றாவது வேண்டும். ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை போன்ற கரையோரங்களில் இருப்பவர்களும், பண்ணைப் பாலத்தால் நாளாந்தம் போய்வருபவர்களும் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப்புகளையே கேட்டு வாங்க வேண்டும். மலிவுக் கிளிப் உப்புக் காற்றில் சில மாதங்களில் இறுகிப்போய், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். பழைய குழாயில் இருந்த ஒவ்வொரு சிறு குழாய்க்கும் புதியதில் இடம் இருக்கிறதா என்று ஒன்றுக்கொன்று ஒப்பிடுங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாயையும், டேர்போ காரில் திரும்பி வரும் காற்றின் குழாயையும் வெளியே திறந்து விட்டால், சென்சர் எண்ணிய காற்றும் எஞ்சினுக்குப் போகும் காற்றும் ஒன்றாக இரா.

ஆறாம் படி: விற்பவரின் இலக்கத்தைச் சோதியுங்கள்

இந்தப் பொருள் இத்தனை குதிரைவலுவைக் கூட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அது எங்கே அளக்கப்பட்டது என்று கேளுங்கள். உருளைகளின் மேல் நிறுத்தி அளக்கும் டைனோவில் கார் நகர்வதில்லை. முன்னால் வைக்கும் மின்விசிறி வீதிக் காற்றுக்கு ஈடாகாது. ஆகவே அங்கே தெரிந்த உயர்வு ராம் விளைவால் வந்திருக்க முடியாது. பொனற்றைத் திறந்து வைத்து அளந்தார்களா, அளவுகளுக்கு இடையில் எஞ்சின் எவ்வளவு ஆறியிருந்தது என்பவற்றால்தான் பாதி உயர்வு வந்திருக்கும். பொனற்றை மூடிய நிலையில் அளந்த முன்பின் வரைபடம் காட்டப்பட்டால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

கடைசிப் படி: பூட்டிய பின்

முதலில் அளந்த மூன்றையும் மறுபடி அளவுங்கள்: நெரிசலில் வெப்பம், திறந்த வீதியில் வெப்பம், நீர்மட்ட வித்தியாசம். அதே நேரம், அதே வீதி, இயன்றவரை அதே வெயில். வெப்பம் கூடியிருந்தால் எவ்வளவு பணம் செலவழித்திருந்தாலும் பழையதைத் திரும்பப் பூட்டுங்கள். பிறகு ஐம்பது, நூறு கிலோமீற்றர் சாதாரணமாக ஓட்டி, ஓ.பி.டி. கருவியில் நீண்டகால எரிபொருள் திருத்தத்தை (கணினி பெற்றோல் அளவில் தானாகச் செய்துகொள்ளும் மாற்றம்) பாருங்கள். அது முன்பிருந்ததை விட நூற்றுக்குப் பத்துக்கு மேல் மாறியிருந்தால், எங்கோ காற்று கசிகிறது அல்லது சென்சரின் குழாய் பொருந்தவில்லை. அதைச் சரிசெய்யும் வரை முழு விசையில் ஓட்டுவதைத் தவிருங்கள். கலவை குழம்பிய கார் வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் தவறக்கூடும்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க இயலாது.

கழற்றிய பழைய பில்டர் பெட்டியை விற்றுவிடாதீர்கள். புரட்டாதி முடிவில் அதைத் திரும்பப் பூட்டி, தை பிறந்து வீதிகள் காய்ந்த பின் ராம் எயாரை மாற்றிக்கொள்வது ஒரு மணித்தியால வேலை. தாழ்வான வாய் உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும், பில்டருக்குப் பின்னுள்ள குழாயைக் கழற்றி, உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பாட்டு மண் உள்ள ஊரில் இந்தச் சோதனைக்கு வேறு கருவி வேண்டியதில்லை. துணி வெள்ளையாகவோ இலேசான எண்ணெய்க் கறையோடோ வந்தால், குழாயைத் திரும்பப் பூட்டி ஓட்டலாம். சிவந்து வந்தால், அன்றைக்கே பில்டரின் கழுத்தையும் பெட்டியின் ஓரங்களையும் பாருங்கள். கசிவு அகப்படும் வரை கார் பழைய பெட்டியோடு ஓடட்டும்.